படம் எடுத்தவனின் உயரம்

அலுவலகத்தில் அவளை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நூத்திநாப்பத்தாறு என்பார்கள். கூப்பிட்டு முடிப்பதற்குள் எதற்குக் கூப்பிட்டோம் என்பதே மறந்துபோகும், அவ்வளவு நீளம். ஆனால் பட்டம் சூட்டியவர் முதலாளி. அவர் ஒரு பேர் வைத்துவிட்டால் அப்பீலே கிடையாது.

பேருக்கு ஒரு நியாயம் இருந்தது. மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே மாடியில், நாலு கணினியும் ஓயாமல் இரைகிற ஒரு மின்விசிறியுமாக அவர்கள் செய்த வேலை, தட்டையான படங்களிலிருந்து முழு உருவத்தை எழுப்புவது. எரிந்துபோன கிடங்கு, இடிக்கப்போகிற கட்டடம், மோதி நசுங்கிய வண்டி, எதுவானாலும் சரி. சுற்றிச் சுற்றி எடுத்த படங்களைக் கணினியில் கொட்டினால், இந்தப் படத்தில் இருக்கிற ஜன்னல் மூலை அந்தப் படத்தில் எங்கே தெரிகிறது என்று அது ஒவ்வொரு புள்ளியாகத் தேடிப் பொருத்திக்கொள்ளும். பொருந்தப் பொருந்தச் சுவரும் தரையும் திரையில் எழுந்து நிற்கும். கூடவே இன்னொன்றையும் சொல்லிவிடும். ஒவ்வொரு படத்தையும் எடுத்தவர் எங்கே நின்றார், கேமரா தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருந்தது என்று. அந்த இடத்தில் சின்னதாக ஒரு நீலக் கூம்பு தோன்றும். நேரில் போய்ப் படம் எடுத்துவருவது அவள் பொறுப்பு. கேமராவைக் கண்ணோடு ஒட்டவைத்துத்தான் எடுப்பாள். எந்த வேலையைத் திறந்தாலும் அவளுடைய கூம்புகள் தரையிலிருந்து நூற்று நாற்பத்தாறு சென்டிமீட்டரில் வரிசைகட்டி நிற்கும்.

“என்னம்மா, இன்னைக்கு ஹீல்ஸ் போட்டுட்டுப் போனியா? நூத்தம்பதுன்னு காட்டுதே” என்று முதலாளி ஒருநாள் கேட்டார். உண்மையிலேயே போட்டுக்கொண்டுதான் போயிருந்தாள், அவளும் சேர்ந்து சிரித்தாள். அன்றிலிருந்து அந்தப் பேர் ஒட்டிக்கொண்டது.

அப்படிச் சிரித்துக்கொண்டிருந்தவள் மூன்று மாதமாகச் சிரிக்கவில்லை. காரணம் அவளுடைய அம்மா.

சாலையை அகலப்படுத்துகிறோம் என்று அவளும் தம்பியும் பிறந்து வளர்ந்த வீட்டை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. அப்பா போய் ஆறு வருஷமாகிறது, தம்பி கடல் கடந்து போய்விட்டான், மிச்சம் இருந்தது அம்மாவும் அவளும்தான். பீரோவையும் கட்டிலையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு நாலாவது மாடி ஃப்ளாட்டுக்குக் குடிவந்தார்கள். வந்த முதல் நாளே அம்மா ஆரம்பித்துவிட்டாள்.

“அந்த வீட்ல ஒண்ண விட்டுட்டு வந்துட்டேன்.”

“எதம்மா? குக்கர் மூடியா?”

“மூடியில்ல.”

“பின்ன என்னதான் விட்டுட்ட?”

அம்மா சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே இருப்பாள், வாய்க்குப் போகாது. ஆறே வாரத்தில் வளையல் முழங்கைவரை ஏறி இறங்குகிற அளவுக்கு இளைத்துவிட்டாள். டாக்டர் எல்லாச் சோதனையும் செய்துவிட்டு, “உடம்புல ஒண்ணுமில்ல, மனசு வெக்கணும்” என்றார். இது தெரியாதா? இதற்கு டாக்டர் எதற்கு என்று அவளுக்கு எரிச்சல்தான் வந்தது. அதைவிட மோசம், அம்மா ஒருநாள் கையில் ஒரு பையை எடுத்துக்கொண்டு பழைய வீடு இருந்த இடத்துக்கே போய்விட்டாள். அங்கே வீடு ஏது? தார் போட்ட ரோடு. அதன் நடுவில் போய் நின்றிருக்கிறாள். லாரிக்காரர் பிரேக் போட்டதால் பிழைத்தாள்.

மறுநாளிலிருந்து மகள் வேலைக்குக் கிளம்பும்போது கதவை வெளியே பூட்டிக்கொண்டு போனாள். பெற்ற தாயை உள்ளே வைத்துப் பூட்டுகிற கை எவ்வளவு கூசும் என்பது பூட்டினவர்களுக்குத்தான் தெரியும். படியிறங்கும்போதெல்லாம் சாவி அவள் கைப்பையில் கனத்தது.

அப்போதுதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. ஊரார் வீட்டையெல்லாம் எழுப்புகிறோமே, நம் வீட்டை எழுப்பினால் என்ன? அலுவலகத்தில் முகத்தில் மாட்டிக்கொள்கிற கண்ணாடி ஒன்று இருந்தது. அதை மாட்டிக்கொண்டால் திரையில் இருக்கும் கட்டடத்துக்குள்ளேயே நடக்கலாம். அம்மா ஒருதடவை உள்ளே போய், எதை விட்டுவிட்டு வந்தாளோ அதைப் பார்த்துவிட்டு வரட்டும். பார்த்தால் சாப்பிடுவாள்.

முதலாளியிடம் கேட்டாள். “எடுத்துக்கோம்மா, இதுக்கெல்லாம் பர்மிஷனா? ஆனா கண்ணாடியக் கீழ போட்டுராத, அது என் மூணு மாச சம்பாத்தியம்” என்றார்.

பரணில் இருந்த ஆல்பங்களை இறக்கினாள். இருநூற்றுப் பன்னிரண்டு படங்கள். ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்தாள். அளவு சரியாக வர, படங்களில் இருக்கிற ஏதாவது ஒரு பொருளின் நிஜ உயரம் தெரிய வேண்டும். அதற்கு அம்மாவின் அறையில் அதே பீரோ நின்றுகொண்டிருந்தது. டேப்பை வைத்து அளந்தாள். கட்டிலில் படுத்திருந்த அம்மா, “எதுக்கு அளக்கற? விக்கப் போறியா?” என்று கேட்டாள். அந்த வாரத்தில் அவள் பேசிய நீளமான பேச்சு அதுதான்.

ஒரு சனிக்கிழமை மதியம், அலுவலகத்தில் யாரும் இல்லாத நேரத்தில், வீடு எழுந்தது. முதலில் கூடத்தின் தரை. பிறகு பச்சைச் சுவர், அதில் தம்பி பந்தடித்துப் பெயர்ந்த காரை, அப்பாவின் நாற்காலி, பின் ஜன்னல், ஜன்னலோரத்தில் ஒரு முக்காலி. படம் எடுக்காத மூலைகள் மட்டும் ஓட்டை ஓட்டையாகக் கறுத்துக் கிடந்தன. கொஞ்சநேரம் அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு, பழக்கதோஷத்தில் கூம்புகளைத் திறந்தாள்.

அப்பா எடுத்த படங்கள் எல்லாம் நூற்று ஐம்பத்தெட்டு. சரி, அப்பாவின் கண் உயரம் அதுதான். அம்மா எடுத்த நாலைந்து நூற்று நாற்பதுக்குப் பக்கத்தில். அதுவும் சரி. பின் ஜன்னலோரத்தில் மட்டும் இருபத்துமூன்று கூம்புகள் கொத்தாக நின்றன. அதில் தரைக்கு மிக அருகில் இருந்தது எண்பத்துநாலு சென்டிமீட்டர்.

எண்பத்துநாலா? அளவைத் தப்பாகக் கொடுத்துவிட்டோம் போல என்று பீரோவின் உயரத்தைத் திரும்பப் போட்டாள். மாறவில்லை. வாசற்கதவை வைத்துப் போட்டாள். மாறவில்லை. சரி, அவை என்ன படங்கள் என்று ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். எல்லாம் குடும்பமாக எடுத்துக்கொண்டவை. அப்பா, அம்மா, அவள், பிறகு தம்பி. வீட்டில் இருந்தவர்கள் அத்தனை பேரும் படத்துக்குள் இருந்தார்கள்.

அப்படியானால் எடுத்தது யார்?

சிரித்துக்கொண்டாள். இதற்குப் போய்த் தலையைப் பிய்த்துக்கொள்வானேன்? முக்காலிமேல் கேமராவை வைத்து டைமர் போட்டிருப்பார்கள். அவளுக்கே ஞாபகம் இருந்தது. அம்மாதான் கேமராவை ஜன்னலோரம் கொண்டுபோய் வைப்பாள், ஓடிவந்து அப்பா பக்கத்தில் உட்காருவாள். ‘எல்லாரும் நேராப் பாருங்க’ என்பாள். சொல்லிவிட்டு அவள் மட்டும் நேராகப் பார்க்கமாட்டாள். எந்தப் படத்திலும் அம்மாவின் கண் லென்ஸுக்கு ஒரு விரற்கடை மேலேதான் இருக்கும். ‘உங்கம்மாவுக்குப் படத்துக்கு நிக்கவே தெரியல’ என்று அப்பா ஆயுசு பூராவும் கேலி செய்தார்.

ஆனால் தொழில் புத்தி விடுமா? சும்மா இருக்காமல், படங்களின் பின்னால் அப்பா எழுதிவைத்திருந்த தேதிகளின்படி இருபத்துமூன்றையும் அடுக்கினாள். அவளுக்கு ஒரு வயசு இருக்கும்போது எண்பத்துநாலு. நாலு வயசில் நூற்று ஐந்து. ஏழு வயசில் நூற்று இருபத்திரண்டு. பன்னிரண்டில் நூற்று ஐம்பது. கடைசிப் படம், அவள் கல்லூரிக்குப் போன வருஷம், நூற்று அறுபத்தேழு. முக்காலி எங்கேயாவது வருஷா வருஷம் வளருமா?

அப்படி ஏறுவது வளர்கிற பிள்ளையின் கண் உயரம்தான். மின்விசிறியின் இரைச்சலைத் தவிர வேறு சத்தமில்லாத அந்த அறையில் ஒரு நிமிஷம்கூட உட்காரப் பிடிக்கவில்லை. பையை எடுத்துக்கொண்டு படியிறங்கி, கீழே மூக்குக்கண்ணாடிக் கடை வாசலில், மனுஷ முகங்கள் போகிற வருகிற இடத்தில் நின்றுகொண்டு மாமாவுக்குப் போன் போட்டாள்.

மாமா அம்மாவின் கூடப்பிறந்த தம்பி. வாயைத் திறந்தால் மூட மறந்துபோகிறவர்.

“மாமா, நம்ம வீட்டு கேமரா யார் வாங்கினது?”

“யாரு வாங்கினதா? நான்தான்டி வாங்கிக் குடுத்தேன்! உங்கம்மா கல்யாணத்துக்கு. என் முதல் சம்பளம். உங்கப்பா என்னக்கூட அதத் தொடவிடாம வெச்சிருந்தாரே, மனுஷன்.”

“அதுல டைமர் எப்படிப் போடறது?”

“டைமரா? அது டப்பா கேமரா. ஒரு பட்டன், ஒரு சக்கரம், அவ்வளவுதான். டைமர் வெச்சது வாங்கணும்னா நான் என் கிட்னியத்தான் வித்திருக்கணும்.”

மாமா இரண்டு தடவை ஹலோ என்றார்.

“மாமா, அம்மாவுக்கு எனக்கு முன்னாடி குழந்தை எதாவது...”

அந்தப் பக்கம் ஒரு கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு மாமா குரலைத் தாழ்த்திக்கொண்டு வந்தார்.

“யாரு சொன்னா உனக்கு? உனக்கு ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு பையன். பதினோரு நாள்தான் இருந்தான்டா கண்ணு. பேர்கூட வெக்கல. அவகிட்ட அதப் பத்திப் பேசாதீங்கன்னு உங்கப்பா எங்க எல்லார்கிட்டயும் சத்தியம் வாங்கிட்டாரு. அவளும் அழல. பிள்ளை இங்கதான் இருக்கான்னு ஒருதடவ சொன்னா. ஏதோ பித்துல பேசறான்னு விட்டுட்டோம்.”

வீட்டுக்கு வந்து கதவைத் திறந்ததும் முதல் வேலையாகப் பரணில் ஏறினாள். கேமரா அட்டைப்பெட்டியில் அடியில் கிடந்தது. ஒரு பட்டன், ஒரு சக்கரம். திருப்பித் திருப்பிப் பார்த்தாள், வேறொன்றுமில்லை. ஏணியிலிருந்து இறங்கினால் அம்மா கீழே நின்றுகொண்டிருந்தாள், கை நீட்டியபடி.

“அத அவன்கிட்டக் குடுக்கணும்” என்றாள்.

அவளுக்குப் பயமாக இருந்தது, அதைச் சொல்வதில் என்ன வெட்கம்? ஆனால் எதிரே நின்றது எலும்பும் தோலுமான அம்மா. இன்னும் ஒரு மாதம் இப்படியே போனால் அம்மா இல்லை. அதுதான் பெரிய பயமாக இருந்தது. கேமராவை அம்மாவின் கையில் கொடுத்தாள். அம்மாவை நாற்காலியில் உட்காரவைத்து, மடிக்கணினியில் வீட்டைத் திறந்து, அலுவலகத்திலிருந்து கொண்டுவந்திருந்த அந்தக் கண்ணாடியை முகத்தில் மாட்டிவிட்டாள்.

அம்மா எழுந்தாள். மூன்று மாதமாகச் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தவள், ஃப்ளாட்டின் கூடத்தில் நாலு எட்டு வைத்து விறுவிறுவென்று நடந்தாள். எந்தத் திசையில் நடக்கிறாள் என்று திரையில் தெரிந்தது. நேராகப் பின் ஜன்னலுக்குப் போனாள். கூம்புகள் நின்ற இடம். அங்கே குனிந்து, இடுப்பு உயரத்தில் காற்றைத் தடவினாள். தடவின கை மெல்ல மேலே போனது. மார்புவரை, தோள்வரை, தலைக்கு மேலே. எட்டிப் பிடிக்கக் குதிகாலை உயர்த்தினாள்.

“அடேயப்பா! எவ்ளோ உசரம்டா நீ! உங்கப்பாவையே தாண்டிட்டியே” என்று சிரித்தாள்.

மகள் அந்தச் சிரிப்பைத் தன் வாழ்நாளில் கேட்டதே இல்லை. பயம் ஒரு பக்கம், பொறாமை ஒரு பக்கம். இத்தனை வருஷம் கூடவே இருந்தவள் நான், எனக்கு ஒருநாளாவது இப்படிச் சிரித்தாளா என்று நெஞ்சுக்குள் சுருக்கென்றது. அன்று ராத்திரி அம்மா இரண்டாவது தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

அதற்கப்புறம் கதவைப் பூட்ட வேண்டியிருக்கவில்லை. தினமும் சாயங்காலம் ஒரு மணிநேரம் அம்மா கேமராவை மடியில் வைத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு போய்விட்டு வருவாள். வந்ததும் பசி என்பாள். கன்னத்தில் சதை பிடித்தது. மாமா வீடியோவில் பார்த்துவிட்டு, “என்ன டானிக் குடுக்கற? எனக்கும் ஒரு பாட்டில் அனுப்பு” என்றார். அவளும் பயத்தோடு பழகிவிட்டாள். என்ன செய்வாள், சொல்லுங்கள்? அம்மா பிழைத்துக்கொண்டாளே. ஒன்றே ஒன்றுதான் செய்யமாட்டாள். அம்மா உள்ளே இருக்கும்போது திரையைப் பார்க்கமாட்டாள்.

இப்படியே ஒன்றரை மாதம் போயிற்று. ஒரு காலை, அவள் கைப்பையைத் தேடிக்கொண்டு வேலைக்குக் கிளம்புகிற அவசரத்தில் இருந்தாள். அம்மா மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு பேச்செடுத்தாள்.

“குடும்பமா நின்ன படத்தயெல்லாம் அவனே எடுத்தான். நான் அவன் மொகத்தத்தான் பாப்பேன். எடுக்கறவன் எப்படிப் படத்துக்குள்ள வருவான்? ஒரு தடவகூட எங்ககூட நின்னதில்ல, பாவம்.”

“ம்.”

“யாராவது அவன் கையிலேர்ந்து கேமராவ வாங்கிக்கணும். உங்கப்பா அங்க இருக்காரு, எடுக்கச் சொன்னா, நாற்காலிய விட்டு எழுந்திரிக்கமாட்டேங்கறாரு.”

அப்பாவும் அங்கே இருக்கிறாரா என்று அவள் கேட்கவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. கைப்பை எங்கேயோ ஒளிந்துகொண்டு உயிரை வாங்கியது.

“நீ வாங்கிக்கறியா?” என்றாள் அம்மா.

“சரிம்மா, சரி, நான் வாங்கிக்கறேன். நீ மொதல்ல மாத்திரையப் போடு.”

அம்மா மாத்திரையைப் போட்டுக்கொண்டாள். தண்ணீர் குடித்தாள். நாற்காலிக்கு அடியில் கிடந்த கைப்பையை எடுத்துக் கொடுத்து, மகளின் கன்னத்தைத் தொட்டு, “என் தங்கம்” என்றாள். அதற்குக்கூட அவள் நின்று பதில் சொல்லவில்லை. படியில் இறங்கி ஓடினாள்.

மதியம் மூன்றரைக்குப் பக்கத்து ஃப்ளாட்காரர்கள் போன் செய்தார்கள். ஓடிவந்தபோது அம்மா நாற்காலியில் சாய்ந்திருந்தாள், முகத்தில் கண்ணாடி, உதட்டில் அந்தச் சிரிப்பு. மடியில் கேமரா இல்லை. வீட்டைத் தலைகீழாகப் புரட்டிப் பார்த்தும் அது அப்புறம் கிடைக்கவேயில்லை.

தம்பி வந்து போனான், மாமா வந்து போனார். காரியமெல்லாம் முடிந்து, முதலாளியிடம் கண்ணாடியைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமே என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் மடிக்கணினியைத் திறந்தாள். வீட்டை அழித்துவிடலாம் என்றும் ஒரு எண்ணம் இருந்தது. அழிக்கத்தான் விரலை வைத்தாள். கோப்பின் ஓரத்தில் படங்களின் எண்ணிக்கை கண்ணில் பட்டது. இருநூற்றுப் பதின்மூன்று.

கடைசியில் இருந்ததைத் திறந்தாள். பழைய பிலிம் படத்தின் வெளுத்த நிறம். பச்சைச் சுவர், பெயர்ந்த காரை. நாற்காலியில் அப்பா, பக்கத்தில் அம்மா, கன்னத்தில் சதைபிடித்த அம்மா. இருவருக்கும் பின்னால் நெடுநெடுவென்று ஒருவன். அப்பாவின் தாடை, மூக்கு மகளுக்கு இருப்பது போலவே. படத்துக்கு நின்று பழக்கமில்லாதவன் போலக் கூச்சமாகச் சிரித்துக்கொண்டிருந்தான். அவனுடைய வலது கை பாதி நீட்டியபடி இருந்தது, இப்போதுதான் யாரிடமோ எதையோ கொடுத்த மாதிரி.

அவளும் இல்லை, தம்பியும் இல்லை. அந்தப் படத்தில் அவளுக்கு இடமே இல்லை. அவள் குரல்விட்டு அழுதாள். அழுதுகொண்டே, வேறென்ன செய்வதென்று தெரியாமல், தினமும் செய்கிற வேலையைச் செய்தாள். கூம்புகளைத் திறந்தாள். பின் ஜன்னலோரத்தில் இருபத்துநாலாவதாக ஒன்று புதிதாக நின்றுகொண்டிருந்தது. தரையிலிருந்து எவ்வளவு என்று கேட்டு அதன்மேல் அழுத்தினாள்.

நூற்று நாற்பத்தாறு.

திரும்பப் படத்தைப் பார்த்தாள். அப்பா நேராக லென்ஸைப் பார்த்தார். அவனும் நேராகப் பார்த்தான். அம்மாவுக்குத்தான் படத்துக்கு நிற்கத் தெரியாதே, அவள் ஒரு விரற்கடை மேலே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.